பெற்றுக்கொண்டேன்

கல்லூரி விடுதி,
14 ஜூலை 1986

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பாலாமணி எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். மலையிறங்கியதும் பிடித்த தலைவலி இரண்டு நாளில் விட்டது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? தேயிலை ஃபேக்டரியில் டிரையர் மிஷின் சூட்டில் நிற்கும்போது அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். குடிக்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

பி.எட். வகுப்பில் எண்பது பேர். அதில் நலத்துறை ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்தவர்கள் நாங்கள் ஏழு பெண்கள். என் அறையில் இருப்பவள் ஜெஸிந்தா, கூடலூர்க்காரி. அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறித்துத்தான் இவளைப் படிக்க வைக்கிறார்.

முதல் நாளே எங்கள் ஏழு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அக்கவுண்டன்ட் பாலசுப்பிரமணியம் ஒரு நீளமான நோட்டை எடுத்துவைத்து, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார். மேலே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. நான் தயங்கினேன். "பணம் வந்ததும் கையில கொடுக்கறதுக்குத்தாம்மா. அப்புறம் ஒவ்வொருத்தரையாத் தேடிட்டு இருக்க முடியுமா?" என்றார். எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன்.

ஸ்காலர்ஷிப் வரும் வரைக்கும் பீசும் சாப்பாட்டுப் பணமும் நாமே கட்ட வேண்டுமாம். ஊட்டியில் பி.ஏ. படித்தபோது அரசாங்க விடுதி, இந்தத் தொல்லை இல்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. முடிந்ததை அனுப்புங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பாலாமணி

*

குன்னூர்,
27 ஜூலை 1986

அன்புள்ள பாலாவுக்கு,

பொன்ராஜ் எழுதிக்கொண்டது. நான் நன்றாக இருக்கிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். மணியார்டர் முந்நூறு ரூபாய் அனுப்பியிருக்கிறேன்.

தோட்டத்தில் எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள். அடுத்த ஊட்டு மூக்கம்மா, "பொண்டாட்டிய வாத்தியாராக்கப் போறீங்க, நாளைக்கு உங்களையே பெஞ்சு மேல ஏத்தி நிப்பாட்டப் போறா பாருங்க" என்கிறாள். ஏறி நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன்.

பிராவிடண்ட் பண்டில் கடன் கேட்டேன். என் பணம்தான், பதினொரு வருஷமாகப் பிடித்தது. கிளார்க் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மகன் படிப்புக்குக் கொடுக்கலாம், மகள் படிப்புக்குக் கொடுக்கலாம், பெண்டாட்டி படிப்புக்குக் கொடுக்கச் சட்டம் இல்லை என்றார். "ஏனுங்க, பெண்டாட்டி படிக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டேன். "படிக்கலாம் பொன்ராஜ். இதுல எழுதலை, அவ்வளவுதான்" என்றார்.

நீ கவலைப்படாதே. வழி இருக்கும்.

இப்படிக்கு,
பொன்ராஜ்

*

கல்லூரி விடுதி,
2 செப்டம்பர் 1986

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். முந்நூறும் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு மாதமாக உங்கள் கடிதம் இல்லையே.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது. இன்று குழந்தை உளவியல் வகுப்பு. ஒரு குழந்தையை மற்றக் குழந்தைகள் முன்னால் அவமானப்படுத்தினால் அது மனத்தில் என்ன ஆகும் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அழகாகச் சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். பியூன் ஒரு பட்டியலோடு உள்ளே வந்து, "பீஸ் பாக்கி இருக்கறவங்க பேர் படிக்கறேன், எந்திரிச்சு வெளிய போங்க" என்றான். எங்கள் ஏழு பேர்தான். மேடம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் போகும் வரை காத்திருந்தார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்கள். மீதியை நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று எழுதினோம்.

சாப்பாட்டுக் கூடத்திலும் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எங்களை விடுகிறார்கள். அதற்கு மற்றப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் பாக்கிப் பந்தி. விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள். கெட்ட பெண்கள் இல்லை. ஆனால் குழம்பு தீர்ந்துவிடுகிறது.

நலத்துறைப் பணம் எப்போது வரும் என்று அக்கவுண்டன்டிடம் ஐந்து தடவை கேட்டுவிட்டோம். "கவர்மென்ட் பணம்மா, ஆமை மாதிரிதான் வரும்" என்கிறார்.

விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு நாள் நினைத்தேன். ஒரு நாள்தான்.

அன்புடன்,
பாலாமணி

*

குன்னூர்,
18 அக்டோபர் 1986

அன்புள்ள பாலாவுக்கு,

நான் சுகம். இரண்டு மணியார்டராக இரண்டாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறேன். பாக்கி எல்லாவற்றையும் கட்டிவிடு. ரசீது வாங்கி வைத்துக்கொள். ஃபேக்டரியில் முன்பணம் கொடுத்தார்கள், சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இனிமேல் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு. குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடு.

தீபாவளிக்கு வர வேண்டாம். ராவும் பகலும் டிரையர் ஓடுகிறது, நான் ஊட்டிலேயே இருக்க மாட்டேன். பஸ் காசாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
பொன்ராஜ்

*

கல்லூரி விடுதி,
4 நவம்பர் 1986

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். இரண்டாயிரமும் வந்து, பாக்கியை எல்லாம் கட்டி, ரசீதும் வாங்கிவிட்டேன். அக்கவுண்டன்ட் பணத்தை எண்ணும்போது, "உங்க வூட்டுக்காரரு நல்லா சம்பாதிக்கறாரு போலிருக்கு" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் பந்தியில்தான் சாப்பிடுகிறேன். ஜெஸிந்தா இன்னும் கடைசிப் பந்தியில் இருக்கிறாள். அவள் தட்டில் கொஞ்சம் குழம்பு எடுத்து வைத்துவிட்டு வருவேன்.

தீபாவளியன்று விடுதியில் ஒன்பது பேர்தான் இருந்தோம்.

மாமா, மணியார்டர் பாரத்திலும் உங்கள் கடிதத்திலும் பர்லியார் தபால் முத்திரை இருக்கிறது. தோட்டத்தில் இருந்துகொண்டு அவ்வளவு தூரம் கீழே போய் ஏன் தபால் போட்டீர்கள்? அதுவும் இரண்டு தடவை. என்னிடம் மறைக்கும்படி ஏதாவது உண்டா? உடம்பு சரிதானா? உடனே எழுதுங்கள்.

பாலாமணி

*

30 நவம்பர் 1986

அன்புள்ள பாலாவுக்கு,

உடம்பு சரியாகவே இருக்கிறது. பர்லியாரில் மயில்சாமி பழக்கடை வைத்திருக்கிறான், உனக்குத் தெரியும், நம் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன். அவனைப் பார்க்கப் போனபோது தபால் போட்டேன். தோட்டத்துத் தபால் இப்போது தாமதமாக வருகிறது. இனிமேல் மயில்சாமி கடை, பர்லியார் என்றே எழுது. எனக்கு வந்துவிடும்.

நன்றாகப் படி. பொங்கலுக்கும் வேலை இருக்கும் போலத் தெரிகிறது.

பொன்ராஜ்

*

கல்லூரி விடுதி,
19 ஜனவரி 1987

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

பொங்கல் லீவு முடிந்து அலுவலகங்கள் திறந்ததும், நானும் ஜெஸிந்தாவும் பஸ் ஏறி நலத்துறை அலுவலகத்துக்கே போனோம். எங்கள் ஸ்காலர்ஷிப் எங்கே நிற்கிறது என்று கேட்கத்தான் போனோம். அங்கே ஒரு அம்மாள் பதிவேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை விசித்திரமாகப் பார்த்தார். "செப்டம்பர் பன்னெண்டாம் தேதியே உங்க காலேஜுக்கு டிராஃப்ட் போயிருச்சேம்மா. நீங்க வாங்கிக்கிட்டதா கையெழுத்து போட்ட பட்டியலும் திரும்பி வந்திருக்கு" என்றார்.

பட்டியலைக் காட்டினார். ரூபாய் 2,460. பக்கத்தில் ஸ்டாம்பு. ஸ்டாம்பு மேல் என் கையெழுத்து. ஜூலையில் நான் வெற்று இடத்தில் போட்ட அதே கையெழுத்து. என் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது மாமா.

தேதியைப் பாருங்கள். செப்டம்பர் பன்னிரண்டு. அதற்குப் பிறகு எத்தனை தடவை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்கள். ஜெஸிந்தாவை நேற்று வரைக்கும் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். எங்கள் பணத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, எங்களையே கடன்காரிகள் என்றார்கள். பணம் வந்த பிறகு கேட்டபோதும் அதே "ஆமை மாதிரி" என்றாரே அந்த மனுஷன், சொல்லும்போது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

போன வருஷப் பட்டியலையும் அந்த அம்மாள் எடுத்துப் பார்த்தார். பத்தொன்பது பெண்கள். அவர்களுக்கும் பணம் கைக்கு வந்ததா என்று யாருக்குத் தெரியும்?

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. சண்டை போட்டு அந்தப் பணத்தை வாங்கிவிட்டேன் என்றால், நீங்கள் ஃபேக்டரியில் வாங்கிய முன்பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். மேனேஜரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

பாலாமணி

*

(அஞ்சலட்டை)
5 பிப்ரவரி 1987

மாமாவுக்கு, இரண்டு வாரமாகிவிட்டது, பதில் இல்லை. மேனேஜரிடம் பேசினீர்களா? பேசாவிட்டாலும் ஒரு வரி எழுதுங்கள். பாலா.

*

பர்லியார்,
11 பிப்ரவரி 1987

அன்புள்ள பாலாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அது பொய் இல்லை. மற்றது பொய்.

உன் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படித்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எட்டாவது படித்தவன், வளைத்து எழுத வராது. நேராக எழுதுகிறேன்.

ஃபேக்டரியில் யாரும் எனக்கு முன்பணம் கொடுக்கவில்லை. ஜூலை முடிவிலேயே வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். வேலையை விட்டால்தான் பிராவிடண்ட் பண்டு கைக்கு வரும், அதுவும் இரண்டு மாதம் கழித்து. அக்டோபரில் வந்தது. உனக்கு அனுப்பியது அதுதான். மீதியில் மூக்கம்மாவிடமும் மற்றவர்களிடமும் வாங்கியிருந்ததைத் தீர்த்தேன்.

வேலை போனால் தோட்டத்து ஊடும் போகும், தெரியுமே. ஆகஸ்டு பத்தாம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டேன். நம் ஊட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உன் புத்தகப் பெட்டி, பாத்திரம், தையல் மிஷின் எல்லாம் மயில்சாமி கடைக்குப் பின்னால் உள்ள அறையில் பத்திரமாக இருக்கின்றன. நானும் அங்கேதான் இருக்கிறேன். லாரிக்குப் பழ மூட்டை ஏற்றுகிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அதனால்தான் உன்னைத் தீபாவளிக்கு வரவிடவில்லை.

திரும்ப ஃபேக்டரிக்குப் போய்க் கேட்டேன், உன் கடிதம் வந்த மறுநாள். நிரந்தர வேலை கிடையாது, சீசனில் தினக்கூலியாக வேண்டுமானால் பார்க்கலாம் என்றார்கள். பதினொரு வருஷம், பாலா. அந்த டிரையர் சத்தத்தை வைத்தே எதில் கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

ராஜினாமா செய்ததற்கு வருத்தப்பட்டதில்லை. உன் படிப்புக்குத்தானே என்று இருந்தேன். ஆனால் செப்டம்பரிலேயே பணம் வந்து அந்த அக்கவுண்டன்ட் பெட்டியில் இருந்தது என்று படித்ததிலிருந்து மூட்டையைத் தூக்கினால் கனக்கிறது. அவன் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அக்டோபரில் வந்த பணத்தை அப்படியே வைத்திருப்பேன். ஒரு சிறு கடையாவது போட்டிருக்கலாம்.

உன்னிடம் பொய் சொன்னதற்குக் கோபப்படு. அது நியாயம். படிப்பை மட்டும் விடாதே.

பொன்ராஜ்

*

கல்லூரி விடுதி,
24 பிப்ரவரி 1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். விடுதியில் கதவுள்ள இடம் அது ஒன்றுதான். உங்கள்மேல் கோபம் இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து நமக்கு ஊடு இல்லை, அது தெரியாமல் நான் இங்கே குழம்புக்கு அழுது கடிதம் எழுதியிருக்கிறேன். அதை நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது வேறு விஷயம்.

ஏழு பேரும் சேர்ந்து நலத்துறை அதிகாரிக்கு மனு எழுதினோம். அதை நகல் எடுத்துக் கல்லூரி ஆபீசிலும் கொடுத்தோம். நேற்று கல்லூரியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் என்னை மட்டும் கூப்பிட்டார். பாலசுப்பிரமணியமும் பக்கத்தில் நின்றார். எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். இத்தனை மாதத்தில் முதல் தடவை.

"நீதானம்மா மனுவை எழுதினது? நல்ல தமிழ்" என்றார் கரஸ்பாண்டென்ட்.

"எல்லாரும் சேர்ந்து எழுதினோம் சார்."

"ஆபீஸ்ல ஏதோ தப்பு நடந்திருக்கு. கட்டடம் கட்டறோம், பணத்தை அதுல போட்டுட்டாங்க. உன் பணம் இங்க இருக்கு, இப்பவே எடுத்துட்டுப் போ. மனுவுல உன் கையெழுத்தை மட்டும் அடிச்சுக் கொடுத்துரு."

"மத்தவங்க பணம் சார்?"

"அதை நான் பார்த்துக்கறேன். உனக்கு எதுக்கு?" பிறகு குரலை மாற்றாமலே சொன்னார்: "செய்முறை மார்க் போடறது நாங்க. ஹால் டிக்கெட் கொடுக்கறதும் நாங்க. நீ படிச்ச பொண்ணு, புரிஞ்சுக்குவே."

மேஜையில் கவர் இருந்தது. தடிமனாகத்தான் இருந்தது. நாளை சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இன்று போய், ஒரு வாரம் அவகாசம் கேட்டு வைத்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு வந்து உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று. நான் மட்டும் நஷ்டப்பட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். வேலையும் ஊடும் போனது உங்களுக்கு. அதனால் உங்களைக் கேட்காமல் சொல்ல மாட்டேன். ஜெஸிந்தாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

என்ன செய்யட்டும்?

பாலாமணி

*

பர்லியார்,
28 பிப்ரவரி 1987

பாலா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மத்தியானத் தபாலிலேயே இதைப் போடுகிறேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நம் கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்னால் ஃபேக்டரியில் ஓவர்டைம் கூலியைக் குறைத்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து கேட்டோம். ஒவ்வொருத்தரையாக ரூமுக்குள் கூப்பிட்டார்கள். உன்னைக் கூப்பிட்ட மாதிரியேதான். "உனக்கு மட்டும் கொடுத்துடறோம், வெளிய சொல்லாதே" என்றார்கள். மூன்றாவதாகப் போனவன் நான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியாகப் போன ஒச்சப்பன் வாங்கவில்லை. அவன் ஒருவன் பேரைத்தான் வெட்டினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் என்னைத் திட்டவில்லை. "வர்றேன் பொன்ராஜு" என்று சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்தப் பணத்தில் ஒரு கடிகாரம் வாங்கினேன். கட்டப் பிடிக்காமல் அடுத்த மாசமே விற்றுவிட்டேன்.

என் வேலையை நினைத்து நீ கவரை எடுக்காதே. வேண்டாம். மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும். ஹால் டிக்கெட் கொடுக்காவிட்டால் எழுது, நானும் மயில்சாமியும் வந்து அந்தக் கல்லூரி வாசலில் உட்காருகிறோம். நான் லீவு கேட்க வேண்டிய மேனேஜர் இப்போது யாரும் இல்லை.

ஜெஸிந்தாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

பொன்ராஜ்

*

கல்லூரி விடுதி,
12 ஏப்ரல் 1987

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் மயில்சாமி அண்ணன் குடும்பமும் நலமாக இருப்பீர்கள். பரீட்சை புதன்கிழமை தொடங்குகிறது. ஹால் டிக்கெட் கையில் இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் படிப்பீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஜெஸிந்தாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். பிறகு, "என்னையும் நேத்து கூப்பிட்டாங்க பாலா. நானும் நாளைக்குச் சொல்றேன்னு வந்துட்டேன்" என்றாள். விசாரித்தால் ஏழு பேரில் நாலு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நாலு பேரும் மற்றவருக்குத் தெரியாமல் மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். மறுநாள் ஏழு பேராக ஆபீசுக்குப் போய் யாரும் பெயரை அடிக்கப் போவதில்லை என்று சொன்னோம். என் செய்முறை மார்க் நூற்றுக்கு நாற்பத்தெட்டு போட்டார்கள். நான் பயிற்சிக்கு வகுப்பெடுத்த பள்ளியின் தலைமையாசிரியை எனக்குக் கொடுத்திருந்தது எழுபத்தொன்பது. அதைக் கேட்டும் ஒரு மனு கொடுத்திருக்கிறேன்.

மார்ச் கடைசியில் நலத்துறை அதிகாரி ஒரு பெரிய அம்மாள் வந்து இரண்டு நாள் நோட்டுகளைப் பார்த்தார்கள். நேற்று அவர்கள் முன்னாலேயே ஏழு பேருக்கும் செக் கொடுத்தார்கள். பாலசுப்பிரமணியத்தை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். கரஸ்பாண்டென்ட் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். கட்டடமும் எழும்பிக்கொண்டிருக்கிறது.

செக் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட டைப் அடித்த தாள் வைத்திருந்தார்கள். இந்தத் தடவை மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். "கல்லூரி நிர்வாகத்தின் பெருந்தன்மையால் வழங்கப்பட்ட தொகையை நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தது. பெருந்தன்மையை அடித்தேன். நன்றியுடன் என்பதையும் அடித்தேன். பெற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் விட்டு, தேதியும் தொகையும் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜெஸிந்தா என்னிடமிருந்து பேனாவை வாங்கி அவள் தாளிலும் அடித்தாள். அப்படியே மற்ற ஐந்து பேரும்.

கரஸ்பாண்டென்ட் தாள்களைப் பார்த்துவிட்டு, "வாத்தியார் வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு நன்றி சொல்லத் தெரியலையே" என்று அந்த அதிகாரியிடம் சொன்னார்.

"தெரியுமுங்க சார்," என்றேன். "சொல்ல வேண்டிய ஆள் பர்லியார்ல மூட்டை தூக்கிட்டு இருக்காருங்க."

அந்த அதிகாரி பதிவேட்டை மூடிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

செக்கை வைத்து உங்கள் வேலையை வாங்க முடியாது. அந்தக் கணக்கை எந்த அதிகாரியும் எழுதிக்கொள்ளவில்லை. கேட்டேன். அதற்கு எங்களிடம் பாரம் இல்லையம்மா என்றார்கள். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. எரியட்டும், அணைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

போன வருஷத்துப் பத்தொன்பது பெண்களின் பெயரையும் விலாசத்தையும் அந்த அதிகாரி அம்மாளிடம் கேட்டு எழுதி வாங்கிவிட்டேன். ஒருத்தி சோலூரில் இருக்கிறாள். மூன்று பேர் கோத்தகிரிப் பக்கம். மற்றவர்கள் எல்லாம் கீழே. பரீட்சை ஏப்ரல் இருபத்துநான்கில் முடிகிறது. மறுநாள் நானும் ஜெஸிந்தாவும் தபாலாபீஸ் போய்ப் பத்தொன்பது அஞ்சலட்டை வாங்கப் போகிறோம். உங்கள் பணம் இன்ன தேதியில் வந்தது, நீங்கள் வாங்கினீர்களா என்று ஒவ்வொருத்திக்கும் எழுத வேண்டும். எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஒரு நாள் தாமதமானால் தேட வேண்டாம்.

உங்கள்
பாலாமணி